கருப்பட்டி மழை

ஆனி 3

உப்பளத்து ஆபீஸில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. வேலையாட்களுக்கு ஆளுக்கு ஒன்று. என் வீட்டுக்காரர் பலவேசம் இருந்தவரை இந்த டைரிகள் எங்கள் வீட்டில் கொசு அடிக்கத்தான் பயன்பட்டன. இந்த வருஷம் அவர் இல்லை. கொசு இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்?

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உப்பு வாரிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் முத்துமாலை மதினி இருக்கிறாள், என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. மகன் துபாயில், மாடி வீடு. அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. எல்லாம் என் கல்யாண அண்டாவால் வந்தது. என் அப்பா வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் அண்டா. ஊர்ப் பந்திக்கே அதில் சோறு வடிக்கலாம். போன கார்த்திகையில் பேரன் காதுகுத்துக்கென்று வாங்கிப் போனாள். வரவில்லை. கேட்டதற்கு, “மார்கழி வெள்ளத்துல போயிருக்கும். நான் என்ன அதைக் கட்டிப் புடிச்சிக்கிட்டா கெடந்தேன்?” என்றாள்.

வெள்ளம் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது. அது சத்தியம். அண்டாவையும் கொண்டுபோனது என்றால் நம்ப முடியவில்லை. வெள்ளத்துக்கு எதற்கு அண்டா?

ஆனி 5

எங்கள் வாசலுக்கு எதிரே வெட்டவெளியில் ஒரு வெள்ளை உருளை நிற்கிறது. மழை அளக்கிற மானி. மெட்ராஸில் மழையைப் பற்றிப் படிக்கிறவர்கள் வந்து நட்டார்கள். மேலே ஒரு புனல். உள்ளே, பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடுகிற பலகை மாதிரி ஒரு குட்டிக் கரண்டி. கொஞ்சம் தண்ணீர் விழுந்ததும் கரண்டி ஒரு பக்கம் சாயும். டக். மறுபடி விழுந்தால் மறு பக்கம் சாயும். டக். எத்தனை டக் என்று உள்ளே இருக்கிற சிம் கார்டு அப்போதைக்கப்போதே மெட்ராஸுக்குச் சொல்லிவிடும்.

அவர் இதற்கு மழை உண்டியல் என்று பேர் வைத்தார். சனிக்கிழமை தோறும் புனலில் விழுந்த காக்கை எச்சத்தைக் கழுவுவது அவர் வேலை. உப்பளத்தில் காவல் வேலை பார்த்ததைவிட இதைப் பெருமையாகச் செய்தார். மார்கழியில் ஒரு ராத்திரி, மழைக்குள் மடையைத் திறக்கப் போனார். மூன்றாம் நாள் ஓடைக் கோரைக்குள் கிடந்தார். அதைப் பற்றி எழுதுவதற்கு இந்த டைரியில் கோடு போதாது.

இப்போது உண்டியலைக் கழுவுவது நான். கழுவுமுன் மெர்லினுக்கு போன் பண்ண வேண்டும். மெட்ராஸில் இதைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். சொல்லாமல் கழுவினால் கழுவின தண்ணீரையும் மழை என்று எழுதிக்கொள்வார்களாம்.

இன்று சொல்லிவிட்டுத்தான் கழுவினேன். டக், டக், டக்.

மீன் குழம்பு வாய்க்குப் பிடித்துவிட்டால் அவர் நாக்கை மேலே ஒட்டி இப்படித்தான் ஒரு டக் போடுவார். நல்லா இருக்கு என்று வாய் திறந்து சொன்னதே கிடையாது. கல்யாணமான புதிதில் அதற்காக அழுதிருக்கிறேன்.

தேவைக்கு மேல் கொஞ்சம் கழுவினேன்.

ஆனி 11, அமாவாசை

பிள்ளை இருந்தால் கடற்கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைப்பான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பொம்பிளை இறைக்கக் கூடாதாம். உப்பு வாரலாம், மூட்டை சுமக்கலாம், எள்ளுத் தண்ணீர் மட்டும் ஆகாது.

கடற்கரையில்தானே ஆகாது? உண்டியலில் ஆகாது என்று யாரும் சொல்லவில்லையே.

செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து எள்ளைப் போட்டு ஊற்றினேன். டக்டக்டக்டக் என்று நிற்கவே இல்லை. உயிரோடு இருந்த காலம் முழுக்கச் சேர்த்தாலும் மனுஷன் என் சமையலுக்கு இவ்வளவு டக் போட்டதில்லை.

மெர்லினுக்கு போன் பண்ண மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனி 12

மெர்லின் கூப்பிட்டாள். “அக்கா, நேத்து காலைல கழுவினீங்களா?”

“இல்லையே.”

“அப்போ மழையா?”

“ஆமாம்மா.” வாய் முந்திக்கொண்டது.

“பலத்த மழையா?”

“சும்மா சடசடன்னு ஒரு அடி. ஒரு துணி நனையுற நேரந்தான்.”

“எங்க கணினில அந்தப் பக்கம் ஒரு பொட்டு மேகம்கூட இல்லையே அக்கா.”

“உங்க கணினியா நனைஞ்சிது? நாங்கல்லா நனைஞ்சோம்.”

போனை வைத்த பிறகு வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன். சிரித்தது எனக்கே கேட்டது.

ஆனி 20

அவர் பிறந்தது ஆனி மாசம் என்று மாமியார் சொல்வார்கள். தேதி தெரியாது. இன்று என்று வைத்துக்கொண்டேன். பிறந்தநாளுக்கு வெறுந்தண்ணீர் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? கருப்பட்டிக் காப்பி போட்டு, ஆறவைத்து, வடிகட்டி அரை டம்ளர் ஊற்றினேன். டக் சத்தம் கொஞ்சம் நிதானமாக வந்தது. ருசித்துக் குடிக்கிற மாதிரி.

இனிமேல் அமாவாசைக்கு மட்டும்தான். நடுவில் மனசு ரொம்பக் கேட்டால் பார்க்கலாம்.

ஆனி 21

மனசு கேட்டது.

ஆனி 22

கேட்டது.

ஆடி 2

மெர்லினே வந்துவிட்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். ஒல்லி. முதுகில் தன்னைவிடப் பெரிய பை. அவள் வருவது தெரிந்து நேற்றே புனலைப் பளபளவென்று கழுவித் துடைத்திருந்தேன், முறையாக போனில் சொல்லிவிட்டே.

மானியைச் சுற்றி வந்தாள். “என்னக்கா, இவ்வளவு எறும்பு?”

“மழை வரப்போவுதுல்லா. எறும்புக்குத்தான் முதல்ல தெரியும்.”

அதையும் குறித்துக்கொண்டாள். பாவமாக இருந்தது.

பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். நம் கடற்கரை தெரிந்தது. அதன் மேல் கட்டம் கட்டமாக நிறம்.

“இது என்னம்மா, பாய் பின்னுன மாதிரி?”

“கணினி பெய்யுற மழை அக்கா. காத்து, கடல் சூடு, மலை எல்லாத்தையும் கணக்குல போட்டா அதுவே மழை பெய்யும். மாடல்னு சொல்லுவோம். அது பெய்யுறதும் நிஜத்துல பெய்யுறதும் ஒத்துப்போகுதான்னு பாக்குறதுதான் என் வேலை. பெரிய மழை வந்தாத்தான் அதோட வண்டவாளம் தெரியும்.”

“எங்க வீடு எது?”

ஒரு கட்டத்தைக் காட்டினாள். அதற்குள் எங்கள் உப்பளம், செம்மண் தேரிக்காடு, டவுனில் பாதி, கடலில் கொஞ்சம் எல்லாம் அடக்கமாம். ஒரு கட்டத்துக்கு ஒரே மழைதானாம்.

மதினி பந்தியில் நெய் விடுவது எனக்கு ஞாபகம் வந்தது. எந்த இலையையும் விடமாட்டாள். எல்லாருக்கும் ஒரு சொட்டு. யாருக்கும் இல்லை என்றும் இருக்காது, யாருக்கும் பருப்பு நனையவும் நனையாது. சொன்னேன். மெர்லின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அதேதான் அக்கா. எங்க மாடலுக்குத் தூறல் போட நல்லாத் தெரியும். கொட்டத்தான் தெரியாது.”

“மார்கழி மழைக்கு உங்க மாடல் மதினி எவ்வளவு விட்டா?” என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு படம் காட்டினாள். வெளிறின பச்சை. “இந்தக் கட்டத்துல பதினோரு சென்டிமீட்டர். டவுன்ல இருக்கிற மானியில ஒன்பது. உங்க வீட்டு மானியில அக்கா, ஒரே நாள்ல ஐம்பத்தெட்டு.”

நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பு எரியவில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

திரும்பி வந்து, “இந்தக் கணக்கை வச்சு என்ன செய்வீய?” என்றேன்.

“இனிமே எப்படி எப்படிக் கொட்டும்னு மாடல்தான் சொல்லும். அதை வச்சுத்தான் பாலம், மடை, வடிகால் எல்லாம் எவ்வளவு பெருசா கட்டணும்னு முடிவு பண்ணுவாங்க.”

“அப்ப பதினோரு சென்டிமீட்டருக்குத்தான் மடை கட்டுவாவளா?”

அவள் லேப்டாப்பை மூடினாள். காப்பி கொடுத்தேன். “என்ன ருசிக்கா!” என்றாள். அவருக்கும் அதே காப்பிதான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆடி 8, அமாவாசை

ஆடி அமாவாசை ஆயிற்றே. ஒரு செம்பு போதுமா? இரண்டு செம்பு. எள்ளும் ஒரு கை தாராளம். பிறகு காப்பி.

மெர்லின் மத்தியானம் கூப்பிட்டாள். மூச்சு விடாமல் பேசினாள். “அக்கா, இந்த மாதிரி மழை உலகத்துலயே அபூர்வம். ஒரு நிமிஷத்துல இவ்வளவு! மாடல்ல ஒண்ணுமே இல்லை. இதை எழுதினா...”

“எழுதும்மா, எழுது” என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆடி 15

உப்பள முதலாளி அண்ணாச்சி இன்று புதுக் காவல்காரனுக்குப் புத்தி சொன்னார். நாங்கள் எல்லாரும் உப்பு வாரிக்கொண்டு நிற்கும்போதே சொன்னார்.

“மழைக்கோள் தெரிஞ்சா உடனே மடையைத் தொறந்துரணும், என்ன? பலவேசம் மாதிரித் தூங்கிரக் கூடாது. ஒம்பது சென்டிமீட்டர் மழைக்கு ஒரு கரை உடையுமாவே? டிவியிலேயே சொன்னான், ஒம்பதுதான்னு. அவன் தூங்கிட்டுக் கடைசி நேரத்துல ஓடிருக்கான். தானும் போயி, என் கரையையும் கொண்டுபோயிட்டான்.”

என்னைப் பார்த்ததும், “உன்னைச் சொல்லலம்மா கனி” என்றார். என்னை ஏன் சொல்லப் போகிறார்? செத்தவர் திரும்பப் பேசமாட்டார் என்று தெரிந்துதான் அவரைச் சொன்னார்.

எங்கள் உண்டியலில் ஐம்பத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். “நெசமாவா? யாரு எண்ணினா?” என்று கேட்டுச் சிரித்தார். மெட்ராஸில் அச்சில் வரும், வந்ததும் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். “காட்டு, நானே எல்லார்கிட்டயும் சொல்லுதேன்” என்றார்.

உப்பு வாருகிற வாரியை அழுத்தி ஊன்றினேன். பாத்தியில் குழி விழுந்துவிட்டது.

ஆடி 27

மெர்லின் அழுகிற குரலில் பேசினாள். அவளுக்கு மேலே அருணகிரி சார் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் மானியின் கணக்கையெல்லாம் பார்த்தாராம். மேகம் இல்லாமல் மழை, அதுவும் அமாவாசைக்கு அமாவாசை. மானி கெட்டுவிட்டது, எடுத்துவிடு என்று சொல்லிவிட்டாராம்.

“எந்த மழையை எடுக்கச் சொல்லுதாரு? இப்பப் பெஞ்சதைத்தானே?”

“மொத்தத்தையும் அக்கா. கெட்ட மானின்னு ஆயிட்டா மார்கழி மழையும் சேந்துதான் போகும். அந்த ஒண்ணை எடுத்துட்டா எங்க மாடல் அந்த மார்கழியைச் சரியாச் சொன்ன மாதிரி ஆயிரும். எனக்குத்தான் மனசு வரல. நேர்ல வந்து ஒரு தரம் பாருங்க சார்னு கெஞ்சியிருக்கேன். உங்க மானி பொய் சொல்லாதுன்னு சண்டை போட்டேன் அக்கா.”

போன் முடிந்தும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு டம்ளர் காப்பி, ஒரு செம்புத் தண்ணீர். அவ்வளவுதான் ஊற்றினேன். அதிலேயே அவருடைய மழை மொத்தமும் கரைந்து போகும்போல.

ஆவணி 1

ஊற்றவில்லை.

ஆவணி 7, அமாவாசை

ஊற்றவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். காரணமாகத்தான்.

ஆவணி 12

அருணகிரி சார் வந்தார். பெரிய வயிறு, சின்னக் குரல். மெர்லின் பின்னால் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றாள். சார் மூடியைக் கழற்றினார். புனலுக்கு அடியில் இருக்கிற சல்லடையை எடுத்து வெயிலில் காட்டினார். பிறகு விரல் நுனியில் எதையோ ஒற்றி எடுத்தார்.

“மெர்லின், இந்த ஊர் மழையில எள்ளு இருக்கே.”

சார் கரண்டியைத் தொட்டார். கரண்டி நகரவில்லை, பழுப்பாக ஏதோ பாகு மாதிரி ஒட்டியிருந்தது. விரலை மோந்து பார்த்தார். நக்கினார்.

“கருப்பட்டி.”

“சார், உங்களுக்குச் சுகர்!” என்று மெர்லின் கத்தினாள்.

“அறிவியலுக்காக” என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் நக்கினார். “நல்ல கருப்பட்டி. எத்தனை வருஷமாச்சு.”

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். “சார், அந்தக் கரண்டியைத் தொடச்சு மூடியை மாட்டுங்க” என்றேன். மாட்டினார். ஊற்றினேன். டக்டக்டக்டக்.

“இந்த ஊர்ல மேகம் இல்லாம மழை இப்படித்தான் சார் பெய்யும்” என்றேன். “நான்தான் ஊத்துனேன். அமாவாசைக்கு எள்ளுத் தண்ணி. நடுவுல காப்பி. ஆனா அதெல்லாம் ஆனிக்குப் பெறவு. மார்கழி மழை நான் ஊத்துனதில்ல. அது எங்க வீட்டுக்காரவுகளக் கொண்டுபோன மழை. அதை எடுத்துராதிய.”

மெர்லின் என்னைப் பார்த்த பார்வை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

சார் கோபப்படவில்லை. அதுதான் வினை. நிதானமாகக் கணக்குச் சொன்னார். “அம்மா, இந்தப் புனல் வாய் ஒரு சாண்தான். இதுல ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்னா எவ்வளவு தண்ணி தெரியுமா? ரெண்டு குடம்கூட வராது. ரெண்டு குடம் ஊத்த ஒரு ஆளு போதும். நீங்க அன்னைக்கும் ஊத்தலைன்னு நான் எப்படி எழுதுறது?”

“அன்னைக்கு என் கையில ஒத்தக் குடம்கூட இல்ல சார். பள்ளிக்கூட மாடில நின்னு, அவுக டார்ச் வெளிச்சம் வருதான்னு உப்பளத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சார் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

“நான் நம்புறேம்மா. ஆனா என் நம்பிக்கையை அச்சுல போட முடியாது. ஒரு வழி இருக்கு. அன்னைக்கு இந்தத் தெருவுல வானத்தைப் பாத்து ஏதாவது பாத்திரம் கிடந்திருக்கும். அதுல எவ்வளவு நிறைஞ்சிருந்துச்சுன்னு யாராவது பாத்திருந்தா, அதுவும் ஒரு மழைமானிதான். நாளைக்கு விசாரிப்போம்.”

போகும்போது மெர்லின் என்னிடம் வந்தாள். “உலகத்துலயே அபூர்வ மழைன்னு எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன் அக்கா” என்றாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

ஆவணி 13

தெருவே திருவிழாவாகிவிட்டது. சார் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டார். ஆளுக்கு ஒரு மழை சொன்னார்கள்.

“எங்க ஆட்டுரலு நாலு தரம் நெறைஞ்சிது சார்.”

“நாலு தரம் யாரு இறைச்சு ஊத்தினது?”

“அது... நெறைஞ்சிருக்கும்லா?”

ஒருவன் தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தான். இன்னொருவன் மாட்டுத் தொட்டியைக் காட்டினான். அது வெள்ளம் ஏறி நிறைந்த தொட்டி. சார் எல்லாரிடமும் பொறுமையாக ஒரே பாட்டைப் பாடினார். “வாயும் அடியும் ஒரே அகலமா இருக்கணும். முந்தின நாள் காலியா இருந்திருக்கணும். வெள்ளம் ஏறாத இடமா இருக்கணும். மேல மரம், கூரை ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“மாப்பிளைக்குக்கூட இவ்வளவு கேக்க மாட்டாவ” என்றாள் டீக்கடை பேச்சியம்மாள்.

மதினி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சார் அவள் வீட்டுக் கதவைத் தட்டினபோது, “எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல” என்று உள்ளே இருந்தே சொன்னாள். கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

சாயங்காலம் சார் டேப்பைச் சுருட்டினார். நாளைக் காலை பஸ் என்றார்கள். இன்று சோறு இறங்கவில்லை. அவரை வெள்ளம் கொண்டுபோனது, அவர் பேரை நானேதான் தண்ணீரில் விட்டேன்.

ஆவணி 14

காலையில் சாரும் மெர்லினும் என் வீட்டு வாசலில் பையோடு நின்றார்கள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. முத்துமாலை மதினி வந்தாள். தலையில் அண்டா.

என் அண்டா.

தெருவே பார்த்தது. மதினி யாரையும் பார்க்கவில்லை. சார் காலடியில் அதை இறக்கி வைத்தாள். ணங் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

“வாயும் அடியும் ஒண்ணுதான். அளந்துக்கோங்க” என்றாள். “காதுகுத்துக்குப் பெறவு கழுவி, காயட்டும்னு மொட்டை மாடில நிமித்தி வச்சேன். முந்தின நாள் சாயங்காலம் எலும்பா காஞ்சு கெடந்தது. விடிஞ்சு பாத்தா ததும்பி வழியுது. மழை அப்பமும் விடல.”

“நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்றார் சார்.

மதினி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். துபாய் மகனுக்கு அனுப்பின படம். மொட்டை மாடி, கறுத்த வானம், விளிம்பு வரை தண்ணீர், நடுவில் என் அண்டா. கீழே தேதி, நேரம். கூடவே பேசியும் அனுப்பியிருந்தாள். மெர்லின் அதை அழுத்திவிட்டாள். “எலே மவனே, நம்மூரு மழையப் பாத்தியாலே! உங்க மாமன் இந்த மழையில காவலுக்குப் போயிருக்கான், கிறுக்குப் பய!”

குரலில் சிரிப்பு இருந்தது. அப்போது யாருக்கும் தெரியாதே.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சீறினாள். “என்னளா பாக்குத? தம்பி போன பெறவு இதைப் பாக்கவே முடியல. பரண்ல தூக்கிப் போட்டேன். கொடுத்தா ஏன் இத்தனை நாளுன்னு கேப்ப.”

“அப்ப வெள்ளத்துல போச்சுன்னது?”

“ஏளா, நல்ல கனமான அண்டா” என்றாள். பாதி துக்கம், பாதி ஆசை. நானும் உண்டியலில் காப்பி ஊற்றினவள்தானே. கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது?

சார் குனிந்து அண்டாவுக்குள் டேப்பை விட்டார். ஒரு தரம் இல்லை, நாலு பக்கமும் அளந்தார்.

“உள் உயரம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். இது நிறைஞ்சு வழிஞ்சிருக்கு. அதுக்கு மேல எவ்வளவுன்னு அண்டாவுக்குத் தெரியாது. மானி ஐம்பத்தெட்டுங்குது. மானியை நான் நம்பலாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்க காப்பியை எல்லாம் எடுத்துடுவேம்மா. மார்கழி இருக்கும்.”

கூட்டத்துக்குப் பின்னால் அண்ணாச்சி நின்றதை அப்போதுதான் கவனித்தேன். முன்னால் வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். கையை உள்ளே விட்டு முழங்கைக்கு மேலே எதுவரை வருகிறது என்று பார்த்தார். “இவ்வளவா?” என்றார். அண்டா அங்கேயே இருந்தது, அவர் வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஆவணி 15

அண்டாவைப் புளி போட்டுத் துலக்கினேன். மதினி வந்து, “அடியில தேயி, அங்கதான் கறை” என்று நின்று வேலை வாங்கினாள். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்போல.

புரட்டாசி 5, மகாளய அமாவாசை

மானியில் இனி ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை என்று மெர்லினிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் கடற்கரைக்குப் போனோம், நானும் மதினியும். அங்கே எள்ளுத் தண்ணீர் விட வைக்கிற சாமி, “பொம்பிளைங்க எல்லாம்...” என்று ஆரம்பித்தார். மதினி இடுப்பில் கை வைத்து, “என் தம்பிக்கு நான் விடுதேன். உமக்கு என்ன?” என்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி வேறு யாருக்கோ மந்திரம் சொல்லப் போய்விட்டார்.

தண்ணீர் விட்டேன். கடல் டக் என்று சொல்லவில்லை. எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

புரட்டாசி 19

மெர்லின் பேசினாள். கட்டங்களைப் பொடிப் பொடியாக வெட்டி மார்கழி மழையைத் திரும்பப் பெய்ய வைத்தாளாம். எங்கள் உப்பளம் மட்டும் ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னக் கட்டம்.

“இந்தத் தடவை கொட்டிச்சு அக்கா! நாப்பத்தொம்பது!”

“எங்க வீட்டு மேலயா?”

கொஞ்சம் தயங்கினாள். “கடல்ல. உங்க வீட்டுல இருந்து ரொம்பத் தள்ளி.”

“மீனுக்குக் குடை கொடுத்துவிடு” என்றேன். “கொட்டத் தெரிஞ்சுக்கிட்டுல்லா, விலாசம் பெறவு தெரிஞ்சுக்கிடும்.”

அச்சில் வரப்போகிற ஆராய்ச்சித் தாளில் எங்கள் மானிக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம். பக்கத்து மாடியில் இருந்த பாத்திரத்தால் சரிபார்க்கப்பட்டது என்று. மதினியிடம் சொன்னேன். “பாத்திரம்னா போட்டிருக்கான்? அண்டான்னு போடச் சொல்லு” என்றாள்.

புரட்டாசி 26

அண்ணாச்சி உப்பளத்துக்குக் கொத்தனாரைக் கூட்டி வந்திருந்தார். மடை பக்கத்தில் நின்று கையை அகல விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “கனி, மடையை ரெண்டு மடங்காக் கட்டுதேன். இந்தச் சின்ன மடையை வச்சு எவனும் ஒண்ணும் பண்ணிருக்க முடியாது” என்றார். புதுக் காவல்காரன் பக்கத்திலேயே நின்றான். உப்பு வாருகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பேர் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அது யாரைப் பற்றி என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். இரண்டு டம்ளர். இரண்டையும் நானே குடித்தேன்.

ஐப்பசி 4

காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். காற்றில் மண் வாடை. தேரிக்காட்டுப் பக்கம் கறுத்து வந்தது.

டக்.

துடைப்பத்தை அப்படியே வைத்தேன். என் கையில் செம்பு இல்லை, டம்ளர் இல்லை. கையை விரித்து நானே ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

டக். டக்.

போன் அடித்தது. “அக்கா! மழையா, நீங்களா?”

“மழைதாம்மா.”

பின்னால் சார் ஏதோ சொன்னார். மெர்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இனிக்குதான்னு கேக்கச் சொல்றாரு” என்றாள்.

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லு” என்றேன். முகத்தை மேலே தூக்கி நாக்கை நீட்டினேன். மதினி மாடியிலிருந்து, “ஏளா கனி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா? உள்ள வா!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே அவளும் நனைந்துகொண்டுதான் நின்றாள்.

“வெறும் மழைதான்” என்று போனில் சொன்னேன். “நான் ஒண்ணும் ஊத்தல.”

டக் டக் டக் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான் கேட்காமல், தானாக.